தோலுக்குள் பார்க்கும் மெஷினும் நான்கு நாள் புதுக்கோட்டையும்

எங்கள் தெருவில் ரோமாபுரிக்குப் போய்ப் போப்பாண்டவரைத் தூரத்தில் பார்த்துவிட்டு வந்தவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். துபாயில் வேலை பார்க்கிறவர் வீட்டுக்கு ஒருவர் உண்டு. சிங்கப்பூருக்குப் போய்ப் பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டு வந்தவர்களுக்கோ முடிவே இல்லை. அவர்களில் ஒருவரும் திரும்பி வந்து ஒரு வரி எழுதியதில்லை. ஆவூரிலிருந்து புதுக்கோட்டைக்குப் போய் நான்கு நாள் இருந்துவிட்டு வந்த நான் எழுதுகிறேன்.

சிரிக்க வேண்டாம். புதுக்கோட்டை எங்களுக்கு வெளிநாடுதான். மாவட்டத் தலைநகர் என்று பெயர் மட்டும் உண்டு. கல்யாணச் சேலை எடுப்பது, கண்ணாடி போடுவது, பல் பிடுங்குவது எல்லாம் எங்களுக்குத் திருச்சியில். புதுக்கோட்டைக்குப் பட்டா மாற்றப் போவோம். மாறாது. திரும்பி வந்துவிடுவோம். அங்கே சாப்பிட்டு, தூங்கி, ஊர் சுற்றிப் பார்த்தவர் என்னைத் தவிர ஆவூரில் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

போன காரணம் தோல். என் வலது முழங்கைக்குக் கீழே ஒரு கறுத்த தடிப்பு இருக்கிறது. ஏதோ பூச்சி கடித்தது, நான் சொறிந்தேன், அது தங்கிவிட்டது. பார்க்க மரியாதையான தடிப்பு, யாருக்கும் காட்டலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. பாவாடை நாடா இறுக்கும் இடத்தில் தொடங்கிப் பின்பக்கமாக இறங்கித் தொடை வரைக்கும் போகிறது. ஓரிடத்தில் சிவப்பு, ஓரிடத்தில் வெளுப்பு. தோல் கசங்கிய காகிதம் போல இருக்கும், அரிக்கும். எட்டு வருஷமாகிறது. பாவாடை கட்டுகிற எந்தப் பெண்ணுக்கும் நாடாத் தழும்பு உண்டு, இதுவும் அதுதான் என்று முடிவு செய்துகொண்டேன். நாடா போகாத தொடைக்கு நாடாத் தழும்பு எப்படி வந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். நான் கேட்டுக்கொள்ளவில்லை. தோல் வியாதி என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பினால், மறுநாளே நம் வீட்டுத் தண்ணீர்ச் செம்பைத் தொட ஆள் இருக்காது. கோயில் திருவிழா அசனப் பந்தியில் இருபது வருஷமாகச் சோற்றுக் கரண்டி என் கையில்தான் இருக்கிறது. அதை இன்னொருத்தியிடம் கொடுக்க எனக்கு மனமில்லை.

அரிப்பு பொறுக்க முடியாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். சின்ன வயது ஆண் டாக்டர்.

"அரிக்குதாம்மா?"

"அரிக்குது தம்பி."

"எத்தன வருஷமா?"

"எட்டு."

"பரவுதா?"

"பரவுது."

"எங்க, காட்டுங்க."

கையை நீட்டினேன். கேட்ட கேள்விக்கெல்லாம் இடுப்பு பதில் சொன்னது. காட்டச் சொன்னபோது கை முன்னால் வந்து நின்றது.

அவர் கொடுத்த களிம்பை மூன்று மாதம் கையில் பூசினேன். இடுப்பு குணமாகவில்லை. டாக்டருக்குக் கவலை வந்துவிட்டது. ரத்தத்தில் இருக்கிற ஒரு வகை அணு தோலில் வந்து குடியேறி, படை போலவே நடித்து, வருஷக்கணக்கில் ஆளை ஏமாற்றுமாம். அதுவும் ஒரு வகைப் புற்றாம். புதுக்கோட்டையில் முகாம் நடக்கிறது, வெளியூர் டாக்டர்கள் ஒரு மெஷின் கொண்டுவருகிறார்கள், அது வெட்டாமல் கிழிக்காமல் தோலுக்குள் பார்க்கும், போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். புற்று என்ற சொல்லைக் கேட்ட பிறகு எனக்கும் இரவில் தூக்கம் குறைந்துபோனது. ஆனாலும் கை கைதான், இடுப்பு இடுப்புதான் என்று இருந்தேன்.

துணைக்கு என் மருமகள் ஜெசிந்தா வந்தாள். ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். அதனால் வீட்டில் உடம்பைப் பற்றிய பேச்செல்லாம் அவள் வசம். அவளுக்கும் கை மட்டும்தான் தெரியும்.

முதல் நாள் ஏறிய பஸ் கீரனூர் தாண்டியதும் டயர் பஞ்சராகி நின்றது. மாற்று டயர் இல்லை. கண்டக்டர் இறங்கிப் பின்னால் வந்த பஸ்ஸை மறித்து, எங்கள் அறுபது பேரையும் ஏற்கெனவே எண்பது பேர் இருந்த அந்த வண்டிக்குள் திணித்தார்.

"உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல கிரிக்கெட்டே வெளையாடலாம்!"

"நீ வந்து மொதல்ல ஒரு பந்து போட்டுக் காட்டுய்யா" என்றாள் என் முதுகோடு ஒட்டி நின்ற ஒருத்தி.

ஒருவர் எழுந்து, "பாட்டி, உக்காருங்க" என்றார். அவருக்கே அறுபது இருக்கும். நான் உட்காரவில்லை. புதுக்கோட்டை வரைக்கும் நின்றே போனேன்.

முகாம் ஒரு கல்யாண மண்டபத்தில். முந்தின நாள் கல்யாணத்தின் வாழைமரம் வாசலில் அப்படியே நின்றது. பொண்ணு மாப்பிள்ளை உட்காருகிற மேடையில் மெஷினை வைத்துத் திரை கட்டியிருந்தார்கள். திறப்பு விழாவுக்கு ஆறு பேர் வந்து, ஆறு பேருக்கும் சால்வை போட்டு, ஆறு பேரும் பேசினார்கள். பேசிய யாருக்கும் தோலில் ஒன்றுமில்லை. தோலில் ஏதோ ஒன்று இருந்த நாங்கள் நூறு பேர் சொறிந்துகொண்டே கைதட்டினோம்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. முதலில் போன ஐந்து பேருக்கும் படத்தில் ஒரே இடத்தில், ஒரே அளவில் ஒரு வட்டக் கறை. வெளியூரிலிருந்து வந்திருந்த இளைய டாக்டர் முகம் வெளுத்துவிட்டது. ஐந்து பேருக்கும் ஒரே வியாதி, ஒரே இடத்தில் என்றால் உலகமே திரும்பிப் பார்க்குமே! மெஷின் பார்க்கிற பெண் குனிந்து பார்த்தாள். மண்டப வாட்ச்மேன் பக்திமான். புது வண்டிக்கு வைப்பது போல மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறார். எங்கே வைத்தால் சாமி நேராகப் பார்க்கும் என்று யோசித்து, சரியாக அதன் கண்ணாடிக் கண்ணிலேயே வைத்திருக்கிறார். நான் வேதக்காரி, சிரிக்கக் கூடாது. எங்கள் ஊராக இருந்தால் தீர்த்தம் தெளித்து மெஷினையே பொசுக்கியிருப்போம்.

துடைத்து முடிப்பதற்குள் பொழுது போய்விட்டது. என் டோக்கன் மறுநாளைக்கு என்றார்கள். காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். கீரமங்கலத்தில் பூக்கடை வைத்திருப்பவள், பெயர் ராசாத்தி. ஐம்பது வயதிருக்கும். குரல் பூ ஏலத்தில் பழகிய குரல்.

"ஆத்தா, ஒங்களுக்கு எங்கிட்டு?"

"கையில."

"குடுத்து வச்சவுக. எனக்கு இடுப்புல. நாடா கட்ட முடியல, பூக்கூடைய இடுக்க முடியல. புத்தா இருக்கும்னு பயம் காட்டிப்புட்டாக. கத்தி வைக்காமப் பாப்பாகன்னு சொன்னதாலதான் வந்தேன். இல்லாட்டி என்னை எவன் இழுத்தாலும் வரமாட்டேன்."

நாற்பது பேர் காதில் விழும்படி இடுப்பு என்று சொல்கிறாள்! நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

தங்கியது கன்னியாஸ்திரீகள் மடத்து விருந்தினர் அறையில். ரசத்தில் தவக்காலம் வருஷம் முழுவதும் நடந்துகொண்டிருந்தது. ஜெசிந்தா வெளியே போய்ப் பரோட்டாவும் முட்டை மாஸும் வாங்கி வந்தாள். முட்டையை வெங்காயத்தோடு மசாலாவில் பிரட்டி எடுத்தது. இதற்காகவாவது பட்டா மாற்ற அடிக்கடி வரலாம் என்று தோன்றியது. வாசனை பிடித்து ஒரு சிஸ்டர் கதவைத் தட்டினார்.

"என்ன அது?"

"முட்டைங்க சிஸ்டர்."

"இப்படிப்பட்டது உள்ள வரக் கூடாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து ஒரு பரோட்டா சாப்பிட்டார்.

இரண்டாம் நாள் என் கையை மெஷின் பார்த்தது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கண்ணாடி பதித்த சின்ன வளையம் ஒன்றை ஒட்டி, அதன் மேல் மெஷினின் மூக்கை வைத்தார்கள். வலியில்லை. டி.வி.யில் சாம்பல் நிறத்தில் ஏதேதோ ஓடியது.

"மேல்தோல் தேன்கூடு மாதிரி ஒழுங்கா இருக்கணும்மா" என்றாள் மெஷின் பார்க்கிற பெண். "ஒங்களுக்கு அப்படியேதான் இருக்கு. சொறிஞ்சதுல கொஞ்சம் தடிச்சிருக்கு, அம்புட்டுதான்."

இளைய டாக்டர் சீட்டைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "எட்டு வருஷம், பரவுதுங்கிறாங்க, களிம்புக்கு அடங்கலங்கிறாங்க. இந்தப் படத்துல ஒண்ணுமே இல்லையே. திரும்ப எடுங்க."

திரும்ப எடுத்தார்கள். ஏ.சி.யைக் கூட்டி எடுத்தார்கள், குறைத்து எடுத்தார்கள். கரண்ட் சரியில்லை என்று வயரை மாற்றி எடுத்தார்கள். எனக்குப் பின்னால் ஆட்கள் காத்துக் கிடந்தார்கள். எனக்கு மட்டும் மின்விசிறிக்கு அடியில் நாற்காலி, டீ, கிரீம் பிஸ்கட். டீயில் சர்க்கரை அதிகம் என்று கொண்டுவந்த அம்மாவிடம் சொன்னேன். நாளைக்குக் குறைச்சுப் போடச் சொல்றேம்மா என்று சிரித்துக்கொண்டே போனார்.

திரைக்குப் பின்னால் பேச்சு கேட்டது.

"நேத்துப் பொட்டு வச்சதுல மெஷின் கெட்டுப் போச்சோ என்னவோ. இல்ல, அந்தம்மா மாத்திச் சொல்றாங்களா?"

"ச்சே, பாவம், அவங்க எதுக்குப் பொய் சொல்லப் போறாங்க?"

எதிரே ராசாத்தி மேடையிலிருந்து குதித்து இறங்கி வந்தாள். அவள் படம் சுத்தம். நாடா உராய்ந்ததும், வேர்வையில் வந்த படையும்தான், வேறொன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். பையிலிருந்த கதம்பத்தை எடுத்து மண்டபத்துப் பெண்களுக்கெல்லாம் முழம் போட்டுக் கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள். "கத்தி இல்லாமத் தப்பிச்சேன் ஆத்தா! நீங்களும் தப்பிச்சிருவீக" என்றாள். ஊசி மருந்து முடிந்து ஊருக்குப் போக இன்னும் ஒரு நாள் இருக்க வேண்டுமாம்.

மூன்றாம் நாள் காலை, மெஷினைச் சோதிக்க வேண்டும், மதியத்துக்கு மேல் வாருங்கள் என்றார்கள். சும்மா இருப்பானேன் என்று ஆட்டோ பிடித்துச் சித்தன்னவாசல் போனோம். பாறை, வெயில், மறுபடியும் பாறை. எங்கள் ஊர்க் கோயிலில் ஓவியம் என்றால் ஒரு முழத்து முகம், நான்கு நிறம், மூக்கைக் காட்டினால் யார் என்று சொல்லிவிடலாம். இங்கே குகைக்குள் அண்ணாந்து நின்று தேட வேண்டியிருந்தது. ஒரு பெரியவர் விளக்கம் சொன்னார்.

"இங்கிட்டுத் தாமரைக் குளம். அந்தா ஆனை. இங்க ஒருத்தர் பூப் பறிக்கிறாரு, தெரியுதுங்களா?"

எல்லோரும் தெரிகிறது என்றார்கள். எனக்குத் தாமரை தெரிந்தது, அவர் தெரியவில்லை. ஆனாலும் நானும் தெரிகிறது என்றேன். வடநாட்டுக்காரர் ஒருவர் மனைவியிடம் இந்தியில் முணுமுணுத்தார். ஜெசிந்தாவுக்கு இந்தி கொஞ்சம் தெரியும், காதில் சொன்னாள்: "எனக்கு ஒண்ணும் தெரியல, நீ தெரியுதுன்னு சொல்லு, இல்லன்னா இன்னொரு தடவ மொதல்லேருந்து சொல்லுவாருங்கிறார் அத்தே."

இறங்கி வந்து நிழலில் உட்கார்ந்தோம். ஜெசிந்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தே, ஒண்ணு கேக்கவா? நீங்க கையைச் சொறிஞ்சு நான் பாத்ததே இல்லையே."

"பாக்க ஒனக்கு ஏது நேரம்? போனைத்தானே பாக்குற."

அவள் போனைப் பைக்குள் வைத்துவிட்டு மறுபடியும் என்னைப் பார்த்தாள். அது அதைவிடச் சங்கடமாக இருந்தது.

மண்டபத்துக்குத் திரும்பினால் இழவு வீடு போல இருந்தது. மெஷினைப் பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தார்கள். இளைய டாக்டர் மைக்கில் பேசினார். ஒரு அம்மாவுக்கு வியாதியின் கதையும் படமும் ஒத்துப்போகவில்லை, மெஷின்மேல் சந்தேகம் வந்துவிட்டது, அதனால் மெஷின் ஒன்றுமில்லை என்று சொன்னவர்களுக்கும் சதை எடுத்துப் பார்த்துவிடலாம், அதுதான் பத்திரம் என்றார். மைக் அதை மூன்று தரம் எதிரொலித்தது. பாதிப் பேர் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள்.

ராசாத்தி தூணில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். பூ ஏலம் விடுகிற அந்தக் குரல் போன இடம் தெரியவில்லை.

"நேத்துத்தான் ஒண்ணுமில்லன்னாக. ராத்திரி வீட்டுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிட்டேன். இன்னைக்கு வெட்டணுங்கிறாக. மெஷினு பொய் சொல்லுமா ஆத்தா?"

என் கையில் அன்றைக்குக் கொடுத்த கிரீம் பிஸ்கட் இருந்தது. அதைக் கீழேயும் வைக்க முடியவில்லை, வாயிலும் போட முடியவில்லை.

"பொய் சொல்லாது" என்றேன்.

ஜெசிந்தாவைத் தனியே இழுத்துக்கொண்டு போனேன். "லேடி டாக்டர் இருக்காங்களான்னு கேளு."

"மொத நாள்லேருந்தே இருக்காங்க அத்தே. நேத்து ஒங்களுக்கு டீ கொண்டுவந்தது அவங்கதான்."

சர்க்கரை அதிகம் என்று நான் குறை சொன்ன அம்மா! முதல் நாளே கேட்டிருக்கலாம். ஆனால் பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்டால் எந்த இடம் என்று தெரிந்துவிடுமே. அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இருக்கத்தான் நான் எட்டு வருஷம் செலவழித்திருந்தேன்.

அந்த டாக்டரம்மாவிடம் போய், கை இல்லை, இடுப்பு என்றேன். கட்டிய மெஷினை அவிழ்த்து மணமகள் அறைக்குக் கொண்டுவந்தார்கள். கண்ணாடியைச் சுற்றி யாரோ ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள். நான் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, நாடாவைத் தளர்த்தினேன். ஜெசிந்தா மூச்சு இழுத்தது கேட்டது.

"எம்புட்டு நாளா?" என்றார் டாக்டரம்மா.

"எட்டு வருஷம்னு சொன்னேன்ல. அது பொய் இல்ல."

எண்ணெய், வளையம், மெஷின் மூக்கு. ஒரு இடம், இன்னொரு இடம், ஏழெட்டு இடம் பார்த்தார்கள். மெஷின் பார்க்கிற பெண் இந்தத் தடவை தேன்கூடு என்று பேசவில்லை. டாக்டரம்மாதான் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். தேன்கூட்டின் நடுவே வெள்ளையாகப் புள்ளிகள் கும்பல் கும்பலாக உட்கார்ந்திருந்தன.

"இதெல்லாம் இங்க இருக்கக் கூடாத ஆளுங்கம்மா."

அழைக்காத பந்தியில் வந்து உட்கார்ந்தவர்களைப் போலத்தான் எனக்குத் தெரிந்தது. எனக்குப் பந்தி தெரியும்.

பேனாவால் தொடையில் ஓரிடத்தில் வட்டம் போட்டார். "இந்த எடத்துல கொத்தமல்லி வெதை அளவு எடுக்கணும்."

"வெட்டாமப் பாக்குற மெஷின்னு சொன்னீங்களே?"

"வெட்டாமத்தான் பாத்துச்சு. எங்க வெட்டணும்னு பாத்துச்சு. இம்புட்டுப் பெரிய எடத்துல குத்துமதிப்பா எடுத்தா, வியாதி இல்லாத எடத்துல எடுத்துட்டு ஒண்ணுமில்லன்னு அனுப்பிருவோம். நீங்க கையைக் காட்டிட்டுப் போன மாதிரி."

மரத்துப்போக ஊசி போட்டு எடுத்தார்கள். எறும்பு கடித்த அளவுக்குத்தான் வலி.

வெளியே இளைய டாக்டர் மெஷினைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார், காணாமல் போன கன்று திரும்பி வந்தது போல. அதனிடம் மன்னிப்புக் கேட்காததுதான் குறை. சதை எடுக்க வேண்டாம் என்று மைக்கில் சொன்னார்கள். செருப்புப் போட்டவர்கள் கழற்றினார்கள். ராசாத்திக்கு விஷயம் போய்ச் சேர நேரமாகவில்லை. கல்யாண மண்டபத்தில் எந்த விஷயம் பரவத்தான் நேரமாகும்? ஓடி வந்தாள். திட்டத்தான் வருகிறாள் என்று நினைத்து நிமிர்ந்து நின்றேன்.

"அடப்பாவி ஆத்தா! ஒங்க கையப் பாத்து நான் எம்புட்டுப் பொறாமப்பட்டேன்!" என்று சொல்லி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "என்ன சொன்னாக?" என்றாள். இன்னும் தெரியாது என்றேன். அவள் கையை எடுக்கவில்லை.

நான்காம் நாள் ஊருக்கு பஸ் ஏறினோம். டயர் எல்லாம் நன்றாக இருந்தது. பாதி வழியில் ஜெசிந்தா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "பிள்ளைங்களுக்கு ஒடம்பு பாகமெல்லாம் சொல்லிக் குடுக்குறேன் அத்தே. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கல பாருங்க."

"கேட்டிருந்தாலும் கையத்தான் காட்டியிருப்பேன்" என்றேன். அவள் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டையும் ஒரே கைக்குட்டையில் முடித்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து டாக்டரம்மா போன் செய்தார். சீட்டு எழுதிய டாக்டர் சந்தேகப்பட்ட அதே புற்றுதான். ஆனால் தோலைத் தாண்டிப் போகவில்லை, வெளிச்ச வைத்தியத்துக்குக் கட்டுப்படும், இன்னும் இரண்டு வருஷம் நாடாத் தழும்பு என்று சொல்லிக்கொண்டு இருந்திருந்தால் வேறு மாதிரிப் பேச வேண்டியிருக்கும் என்றார். விளக்குகள் பதித்த ஒரு பெட்டிக்குள் வாரத்துக்கு மூன்று நாள் நிற்க வேண்டும். அந்தப் பெட்டி திருச்சியில் இருக்கிறது. எங்களுக்குப் பழகிய திருச்சி.

போன திங்கட்கிழமை முதல் தரம் போனேன். தோல் பிரிவில் சீட்டுப் போடுகிறவருக்குத் தொண்டை பெரியது. எனக்குப் பின்னால் வரிசையில் இருபது பேர். அதில் எங்கள் ஊர்ப் பக்கத்து முகம் இரண்டும் இருந்தது.

"எந்த எடம்மா?" என்று கத்தினார்.

ஜெசிந்தா குனிந்து அவர் காதில் சொல்லப் போனாள். நான் அவளைத் தள்ளிவிட்டு முன்னால் போனேன்.

"இடுப்பு. அதுக்குக் கீழ தொடை. ரெண்டு பக்கமும். எழுதிக்கங்க."

அவர் தலை நிமிராமல் எழுதினார். எனக்குப் பின்னால் நின்றவள், நாற்பது வயதுக்காரி, போன தடவை எழுதி வாங்கிய சீட்டை ஜன்னலுக்குள் திரும்ப நீட்டினாள்.

"அண்ணே, என்னோடதுல காலுன்னு எழுதியிருக்கும். மாத்திக்குங்க."